கடைமடைக்கு வந்த கார்ப் பந்தயம்

திரையில் வண்டி ஓட்டிப் பந்தயம் விடும் வீடியோ விளையாட்டு காவிரிக் கடைமடைக்கு 1990-களில் வந்து சேர்ந்தது. அப்போதே உலகில் அதற்கு இருபது வயது ஆகியிருந்தது. சீர்காழி, மயிலாடுதுறை, சிதம்பரம் வட்டாரத்துச் சிறுவர்கள் புதிது என்று சுற்றி நின்று பார்த்த முதல் பந்தய விளையாட்டுகள், ஜப்பானில் பத்தாண்டுக்கு முன்பே கடைக்கு வந்து பழசாகிப் போனவை. இந்த இடைவெளி பிறகும் ஏதோ ஒரு வடிவில் நீடித்தது. ஒரு விளையாட்டு என்றைக்கு வெளியானது என்பது இங்கே பெரிய செய்தியாக இருந்ததில்லை. அதை ஓட்டும் பெட்டி ஊருக்குள் வந்ததா, கரண்ட் இருக்கிறதா, மணிக்கு என்ன வாடகை என்பவைதாம் செய்தி. புதிய விளையாட்டைப் பார்த்தவுடன் மனத்தில் விழும் முதல் அபிப்பிராயமும் இவற்றை ஒட்டியே அமைந்தது. கேசட் காலத்துச் சிறுவன் எதைப் பார்த்தானோ அதை பிரவுசிங் சென்டர் காலத்து மாணவன் பார்க்கவில்லை. செல்போன் காலத்து இளைஞன் பார்ப்பது வேறு.

பந்தயம் என்ற ஒன்று இவ்வட்டாரத்துக்குப் புதிதல்ல. சீர்காழிக்குத் தெற்கே தரங்கம்பாடியை அடுத்த திருக்கடையூரில் காணும் பொங்கலை ஒட்டி மாட்டு வண்டிகளும் குதிரை வண்டிகளும் ஓடும் ரேக்ளா பந்தயம் நடக்கும். சாலையின் இருபுறமும் பக்கத்து ஊர்க்காரர்கள் நிறைந்து நிற்பார்கள். இந்தப் பந்தயங்களின் பிற்கால வரலாறு நீதிமன்றங்களோடு பின்னிக்கிடக்கிறது. ஜல்லிக்கட்டு வழக்கு என்று இன்று எல்லோரும் சொல்வது, இராமநாதபுரம் பகுதியில் ரேக்ளா பந்தயத்துக்கு அனுமதி கேட்டுப் போடப்பட்ட மனுவிலிருந்து கிளைத்தது. 2006 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ரேக்ளாவையும் ஜல்லிக்கட்டையும் சேர்த்தே தடை செய்தது. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றமும் இவற்றுக்குத் தடை விதித்தது. 2017 ஜனவரிப் போராட்டத்துக்குப் பின் தமிழ்நாடு அரசு இவற்றை அனுமதிக்கச் சட்டத்தைத் திருத்தியது; 2023 மே 18-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அத்திருத்தம் செல்லும் என்றது.

ஆனால் அன்றாடம் கண்ணில் பட்ட பந்தயம் வேறு. அது பேருந்துப் பந்தயம். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி, சிதம்பரம் வழியாக நாகப்பட்டினம் போகும் நெடுஞ்சாலை கொள்ளிடம் பாலத்தைக் கடந்து சீர்காழிக்குள் நுழைகிறது. சிதம்பரமும் மயிலாடுதுறையும் ஆளுக்கு ஒரு பக்கமாகச் சுமார் இருபது கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. இந்தத் தடத்தில் அரசுப் பேருந்தும் தனியார் பேருந்தும் முன்னும் பின்னுமாக ஓடின. 1972-இல் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு சோழன் போக்குவரத்துக் கழகம் தொடங்கிய பிறகும் தஞ்சைத் தரணியில் தனியார் பேருந்துகள் மறைந்துவிடவில்லை. பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர் விசில் ஊதி வண்டியை எடுக்கச் சொல்வார். முன்னால் போகும் வண்டிதான் அடுத்த நிறுத்தத்துக் கூட்டத்தை அள்ளும். தனியார் வண்டியில் ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் வசூலைப் பொறுத்துப் பேட்டா கிடைக்கும் வழக்கம் பரவலாக இருந்ததால், முந்துவது வருமானத்தோடு நேரடியாகச் சேர்ந்த காரியம். அது ஆபத்தான வழக்கம். அதனால் நேர்ந்த விபத்துகளும் உண்டு. என்ஜின் மேல் மூடியான பேனட்டுக்குப் பக்கத்தில் இடம் பிடித்து, ஓட்டுநரின் கையையும் கியர் தண்டையும் கண்கொட்டாமல் பார்த்து வந்த சிறுவர்களுக்கு வேகம், முந்துதல், பிரேக், ஹாரன் ஆகியவற்றின் முதல் பாடம் அங்கேதான் கிடைத்தது. இவ்வட்டாரத்தில் பந்தய விளையாட்டு பிற்காலத்தில் எடுத்த வடிவத்துக்கு இந்தப் பேருந்துப் பழக்கமே மூலகாரணம்.

உலக அளவில் இந்த விளையாட்டின் தொடக்கம் 1974. அந்த ஆண்டு அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் கிரான் டிராக் 10 என்ற பெட்டியை வெளியிட்டது. ஸ்டீயரிங், கியர், மிதிகள் எல்லாம் அதில் இருந்தன. திரையில் மட்டும் மேலிருந்து பார்த்தாற்போல் ஒரு வளையப் பாதையும் ஒரு சின்னஞ்சிறு காரும். அதே ஆண்டில் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்துக்காக டொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பீடு ரேஸ், கார் ஓரிடத்தில் நிற்க, சாலை மேலிருந்து கீழாக ஓடிவரும் உத்தியைக் கையாண்டது. நான்கு ஆண்டு கழித்து ஸ்பேஸ் இன்வேடர்ஸ் விளையாட்டைப் படைத்தவரும் இவரே. 1982-இல் நாம்கோ வெளியிட்ட போல் பொசிஷன், காரின் பின்னால் நின்று பார்ப்பது போன்ற காட்சியை நிலைநிறுத்தியது. 1986-இல் சேகாவின் யூ சுசுகி உருவாக்கிய அவுட் ரன், பந்தயத்தோடு பயண இன்பத்தையும் சேர்த்தது: புறப்படும் முன் வானொலியில் பாட்டைத் தேர்ந்துகொள்ளலாம், பாதை கிளை பிரியும்போது விரும்பிய பக்கம் திரும்பலாம். காசு போட்டு ஆடும் இந்தப் பெரிய பெட்டிகள் பெருநகர விளையாட்டரங்குகளோடு பெரும்பாலும் நின்றுவிட்டன. கடைமடைக்கு வந்தது அவற்றின் சிறிய உறவினர்.

ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலையில் ஃபேமிலி கம்ப்யூட்டர் என்ற வீட்டுப் பெட்டியை வெளியிட்டது. அந்தப் பெட்டி இந்தியச் சிற்றூர்களுக்கு வரவில்லை. அதன் நகல்கள் வந்தன. தைவானிலும் சீனாவிலும் செய்யப்பட்டும், இந்தியாவில் மீடியா, லிட்டில் மாஸ்டர் போன்ற பெயர்களில் விற்கப்பட்டும் 1990-களில் அவை பரவின. மக்கள் அதை டிவி கேம் என்றார்கள். பெட்டியின் மேல் கேசட்டைச் செருகி, ஆன்டெனா கம்பி நுழையும் துளையில் கேம் வயரைச் செருகி, டிவியின் சேனல் குமிழை மெல்லத் திருகினால் படம் தெரியும். படம் கலங்கினால் கேசட்டை வெளியே எடுத்து வாயால் ஊதி மறுபடி செருகுவது நாடெங்கும் இருந்த வைத்தியம். சொந்தமாக வாங்க வசதியில்லாத சிறுவர்களுக்கு வாடகைக் கடைகள் இருந்தன. மணிக் கணக்கில் காசு வாங்கிக்கொண்டு கடையிலேயே ஆட விட்டார்கள், கோடை விடுமுறையில் பெட்டியை வீட்டுக்கும் கொடுத்தார்கள். கேசட்டின் அட்டையில் ஆயிரக்கணக்கில் விளையாட்டுகள் இருப்பதாக எண் போட்டிருக்கும். உள்ளே இருப்பது பத்திருபதுதான். ஒரே விளையாட்டு இரண்டாம் கட்டத்திலிருந்து தொடங்கினால் வேறு எண், மூன்றாம் கட்டத்திலிருந்து தொடங்கினால் இன்னொரு எண்.

அந்தப் பத்திருபதில் தவறாமல் இடம்பெற்ற பந்தய விளையாட்டு ரோடு ஃபைட்டர். கொனாமி நிறுவனம் 1984-இல் காசுப் பெட்டிக்கும் 1985-இல் ஃபேமிலி கம்ப்யூட்டருக்கும் வெளியிட்டது. தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கே கார் கேம் என்றால் இதுதான். மேலிருந்து பார்க்கும் காட்சி. சிவப்புக் கார் கீழே நிற்கும்; சாலை மேலிருந்து இறங்கி வரும்; வேகமானி 400 வரை ஏறும். இதில் எதிராளியை ஜெயிப்பது என்ற பேச்சே இல்லை. பெட்ரோல் தீர்வதற்குள் எல்லைக்கோட்டைத் தொட வேண்டும், அவ்வளவுதான். திரையின் ஓரத்தில் பெட்ரோலின் எண் இறங்கிக்கொண்டே இருக்கும். வேறு காரில் உரசினால் வண்டி சறுக்கும். அந்தக் கணமே சரியான பக்கம் திருப்பினால் நிலைக்கு வரும், தவறினால் சாலையோரத்தில் மோதி வெடிக்கும், பெட்ரோல் குறையும். மஞ்சள் கார்கள் தம் வழியே போகும், நீலக் கார்கள் வழி மறிக்க வரும். லாரியில் மோதினால் தப்பவே முடியாது. பல நிறத்தில் மின்னி வரும் கார் ஒன்றைத் தொட்டால் மட்டும் பெட்ரோல் ஏறும். வெகுநேரம் எதிலும் மோதாமல் ஓட்டியவருக்குச் சாலையோரமாகப் பறந்து வரும் கொனாமி மேன் போனஸ் புள்ளிகள் தருவார். கருப்பு வெள்ளை டிவி இருந்த வீடுகளில் நிறத்தை வைத்து எந்தக் காரையும் பிரித்தறிய வழியில்லை. அசைவை வைத்தே அடையாளம் கண்டார்கள்.

ரோடு ஃபைட்டர் இங்கே இவ்வளவு வேரூன்றியதற்கு அதன் அமைப்பே காரணம் என்று சொல்லலாம். வாடகைக் கடையில் சுற்றிலும் நாலைந்து பேர் முறைக்குக் காத்திருப்பார்கள். ஒருவர் ஆட்டம் இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். ஆங்கிலம் படிக்க வேண்டியதில்லை, விதிகளைக் கேட்க வேண்டியதில்லை. ஒருவர் ஆடுவதைப் பார்த்தாலே அடுத்தவருக்குப் பிடிபட்டுவிடும். எனவே கேசட் காலத்துச் சிறுவன் ஒரு புதிய விளையாட்டில் முதலில் கவனித்தது, எத்தனை நேரம் தாக்குப்பிடிக்க முடிகிறது என்பதைத்தான்.

அதே கேசட்டுகளில் இருந்த எஃப்-1 ரேஸ், போல் பொசிஷன் வழியில் வந்தது. 1984-இல் வெளியான அதில் காருக்குப் பின்னாலிருந்து சாலை தெரியும். அன்றைய சில்லுகளுக்கு உண்மையான முப்பரிமாணத்தைக் கணக்கிடும் ஆற்றல் இல்லை. படத்தைக் கிடைக்கோடுகளாகப் பிரித்து, தொலைவில் உள்ள கோட்டில் சாலையைக் குறுக்கியும் அருகில் உள்ளதில் விரித்தும் வரைந்து, வளைவு வரும்போது ஒவ்வொரு கோட்டையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாட்டில் தள்ளினார்கள். புல்தரையின் நிறம் வெளிர்பச்சை, கரும்பச்சை என்று மாறி மாறி வந்து வேகம் போன்ற மயக்கத்தைத் தந்தது. மூன்றாவதான எக்ஸைட்பைக் மோட்டார் சைக்கிள் விளையாட்டு. டர்போ பொத்தானை விடாமல் அழுத்தினால் என்ஜின் சூடேறி வண்டி நின்றுபோகும். வேகத்தை அடக்கி ஆளத் தெரிந்தவரே ஜெயிப்பார். அதில் டிசைன் என்றொரு பிரிவும் இருந்தது. மேடு, பள்ளம், சேறு ஆகியவற்றைத் தேர்ந்து அடுக்கி ஆடுபவரே பாதை அமைத்துக்கொள்ளலாம். வாடகைக்கு நிமிடக் கணக்கு ஓடிக்கொண்டிருந்த கடைகளில் அந்தப் பிரிவைத் தொட யாருக்கும் பொறுமை இருந்திருக்காது. தானே உருவாக்கும் அந்த ஆசை நிறைவேற இருபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

எட்டு-பிட் டிவி கேம் உலகில் மறைந்த பிறகும் டெல்டா கிராமங்களில் நெடுநாள் உயிரோடு இருந்தது. 2006-இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகளை வீடுகளுக்குக் கொடுத்தது. திருவிழாக் கடைகளிலும் பஜார்களிலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைத்த நகல் பெட்டிகளுக்கு அந்த டிவிகள் புதுவாழ்வு தந்தன. அமெரிக்காவில் எக்ஸ்பாக்ஸ் 360 விற்றுக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில் இங்கே பல வீடுகளில் ரோடு ஃபைட்டரின் சிவப்புக் கார் முதன்முறையாகச் சிவப்பாகவே தெரிந்தது.

இடையில் வந்த சேகா மெகா டிரைவ், பிளேஸ்டேஷன் போன்ற பெட்டிகள் இவ்வட்டாரத்தில் சில வசதியான வீடுகளைத் தாண்டிப் பரவவில்லை. மெகா டிரைவை இந்தியாவில் 1990-களின் நடுவில் ஷா வாலஸ் நிறுவனம் விற்றது. 1997 டிசம்பரில் ஜப்பானில் வெளியான கிரான் டூரிஸ்மோ பந்தய விளையாட்டின் வரலாற்றில் பெரிய திருப்பம். கஸுனோரி யமவுச்சியின் குழு உண்மையான கார்களை எடையும் சக்கரப்பிடிப்பும் உட்பட உருவாக்கிக் காட்டியது. அதன் பெருமை கடைமடைக்குப் பத்திரிகைச் செய்தியாகவே எட்டியது.

கணினி வந்த வழி வேறு. இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எஸ்.டி.டி. பூத்துகள் பல பிரவுசிங் சென்டர்களாக மாறின. பேருந்து நிலையத்தைச் சுற்றியும் கல்லூரிச் சாலைகளிலும் அவை முளைத்தன. தேர்வு முடிவு பார்ப்பது, வேலைக்கு விண்ணப்பிப்பது, வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்கு மின்னஞ்சல் அனுப்புவது ஆகியவை அவற்றின் வேலை. இவற்றுக்கு வரும் கூட்டம் எப்போதும் இருக்காது. தொலைபேசி இணைப்பு அடிக்கடி அறுந்துவிடும். இணையம் இல்லாத நேரத்திலும் கணினியை வாடகைக்கு விட உரிமையாளருக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. சிடியில் வந்த விளையாட்டுகள் அதற்குப் பயன்பட்டன. மணிக்குப் பத்து முதல் இருபது ரூபாய் என்பது 2000-களின் நடுவில் பரவலான கட்டணம்.

அங்கே ஆட்சி செய்தது ரோடு ராஷ். எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 1991-இல் மெகா டிரைவுக்காக வெளியிட்ட மோட்டார் சைக்கிள் பந்தயம் அது; விண்டோஸ் கணினிக்கு 1996-இல் வந்தது. கலிபோர்னியாவின் நகரத் தெருக்கள், பசிபிக் கடற்கரைச் சாலை, சியரா நெவாடா மலை, நாப்பா பள்ளத்தாக்கு ஆகியவை அதன் பாதைகள். ஓட்டிக்கொண்டே பக்கத்தில் வருபவரை உதைக்கலாம், தடியால் அடிக்கலாம், அவர் கையிலிருக்கும் தடியைச் சரியான கணத்தில் பிடுங்கிக்கொள்ளலாம். போலீஸ் பிடித்தால் அபராதம். வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டவர் எழுந்து ஓடி வந்து வண்டியை எடுக்க வேண்டும். அதற்குள் மற்றவர்கள் போய்விடுவார்கள். எதிரே வரும் கார்களும் குறுக்கே நடப்பவர்களும் நிறைந்த பொதுச்சாலையில் இந்தப் பந்தயம் நடந்தது. பூட்டிய ஓடுதளத்தில் ஓடும் எஃப்-1 காரைவிடச் சிதம்பரம் சாலையில் வளர்ந்தவருக்கு இது நெருக்கமாக இருந்ததில் வியப்பில்லை. வன்முறை நிறைந்தது என்ற குறை சரியானதே. ஆனால் அதன் பிடிமானம் அடிதடியில் மட்டும் இல்லை. நெரிசலில் இடைவெளி கண்டு நுழையும் திறமைக்கு அதில் இடம் இருந்தது.

நீட் ஃபார் ஸ்பீடு வரிசை அடுத்தது. 1994-இல் ரோடு அண்ட் டிராக் என்ற அமெரிக்கக் கார் பத்திரிகையின் ஒத்துழைப்போடு முதல் விளையாட்டு வெளியானது. 1997-இல் இரண்டாவதும், 1998-இல் போலீஸ் துரத்தல் கொண்ட மூன்றாவதும் வந்தன. 2003-இல் அண்டர்கிரவுண்ட், 2005-இல் மோஸ்ட் வாண்டட். இவற்றில் முதலில் வந்தவை சென்டர் கணினிகளில் ஓடின. பின்னால் வந்தவை திணறின. மேலைநாட்டில் 1996 முதல் வூடூ போன்ற தனி கிராபிக்ஸ் அட்டைகள் பரவிவிட்டன. இங்கே வாடகைக் கணினிகளில் தாய்ப்பலகையோடு ஒட்டிய மலிவான சில்லுதான் இருக்கும். அதில் கார் நகர்வது படம் படமாகத் தெரியும்; சில சமயம் அப்படியே உறைந்துவிடும். அதனால் பிரவுசிங் சென்டரில் ஒரு புதிய பந்தய விளையாட்டைப் பற்றி முதலில் கேட்ட கேள்வி, ஹேங் ஆகாமல் ஓடுமா என்பது. கார்களின் அழகும் பாதையின் நீளமும் அதற்குப் பின்னர்தான். விளையாட்டின் தரத்தை அதன் ஆசிரியர்கள் தீர்மானித்த அளவுக்கு அந்தச் சில்லும் தீர்மானித்தது.

அப்போது வந்தவற்றுள் மிட்டவுன் மேட்னஸ் தனியாகக் குறிப்பிடத் தக்கது. ஏஞ்சல் ஸ்டூடியோஸ் உருவாக்கி மைக்ரோசாஃப்ட் 1999-இல் வெளியிட்டது. சிகாகோ நகரத்தில் எங்கு வேண்டுமானாலும் ஓட்டலாம். அதன் வண்டி வரிசையில் மஸ்டாங், காடிலாக் போன்றவற்றோடு ஒரு நகரப் பேருந்தும் இருந்தது. பந்தயத்தில் ஜெயிக்க அந்தப் பேருந்து உதவாது. வேகம் எடுக்க நேரமாகும், திருப்பினால் பாதித் தெருவை அடைக்கும். ஆனாலும் சிக்னலில் நிற்கும் கார்களைத் தள்ளிக்கொண்டு போகும் அந்தப் பெருவண்டியை ஓட்டிப் பார்க்காதவர் குறைவு.

பிரவுசிங் சென்டர்களின் காலம் 2010-க்குப் பிறகு மங்கியது. 2011-இல் மத்திய அரசு கொண்டுவந்த இணைய மைய விதிகள், வருபவரின் அடையாளச் சான்றைச் சரிபார்க்கவும் பதிவேடு வைக்கவும் கட்டாயமாக்கின. அறைத் தடுப்பு நாலரை அடி உயரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. புகைப்பட அடையாள அட்டை இல்லாத சிறுவர்கள் பெரியவர் துணையின்றிக் கணினியைப் பயன்படுத்தக் கூடாது. நியாயமான நோக்கம் கொண்ட விதிகள். விளையாட்டுக்காக வந்த பள்ளி மாணவர் கூட்டம் அதனால் குறைந்தது. பல சென்டர்கள் சான்றிதழ் விண்ணப்பம், ஆதார் திருத்தம், ஜெராக்ஸ் என்று தொழிலை மாற்றிக்கொண்டன.

விதிகள் வந்த அதே 2011-இல், செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. பன்னிரண்டாம் வகுப்பு, பாலிடெக்னிக், கல்லூரி மாணவர்களுக்குச் சில ஆண்டுகளில் சுமார் ஐம்பது லட்சம் மடிக்கணினிகள் சென்றன. படிப்புக்கெனக் கொடுக்கப்பட்டவை அவை, அதற்குப் பயன்பட்டன. மாலையில் அவற்றில் ரோடு ராஷும் நீட் ஃபார் ஸ்பீடும் ஓடின என்பதும் உண்மை. பென்டிரைவ் ஒன்று வகுப்பு முழுக்கச் சுற்றி வந்தால் போதும். எல்லா மடிக்கணினியிலும் ஒரே விளையாட்டு ஏறிவிடும். தமிழ்நாட்டைக் கடும் மின்வெட்டு வாட்டிய காலமும் இதுதான். 2012-இல் சென்னைக்கு வெளியே உள்ள மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் இல்லாத நாட்கள் வந்தன. டிவி கேம் அந்த நேரத்தில் ஊமையாகிவிடும். மடிக்கணினியில் பேட்டரி இருக்கும்வரை பந்தயம் நடக்கும். ஆட்டத்தை எப்போது முடிப்பது என்பதை எல்லைக்கோட்டைவிடப் பேட்டரியின் சதவீதமே முடிவு செய்தது.

திரைக்கு வெளியே, தமிழ்நாட்டில் உண்மையான மோட்டார் பந்தயத்துக்கும் நீண்ட மரபு உண்டு. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயங்களை நடத்தியது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தர ஓடுதளம் அமைந்தது. கோவையின் நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி மூன்றரைக் கிலோமீட்டர் தெருப்பாதையில் விளக்கொளியில் இரவுப் பந்தயம் நடந்தது. இவையெல்லாம் சென்னை, கோவை சார்ந்தவை. சீர்காழியிலிருந்து இருங்காட்டுக்கோட்டை இருநூறு கிலோமீட்டருக்கு மேல். ஆகவே டெல்டாவின் பிள்ளைகளுக்கு ஓடுதளம் என்பது திரையில் கண்டதுதான்.

செல்போன் இந்தக் கதையின் போக்கை மாற்றியது. பின்லாந்தின் ஃபிங்கர்சாஃப்ட் 2012-இல் வெளியிட்ட ஹில் கிளைம்ப் ரேசிங் அளவில் சிறியது, விலை கிடையாது, மலிவான போனிலும் ஓடும். மேடு பள்ளத்தில் வண்டி கவிழாமல் பெட்ரோல் தீர்வதற்குள் அடுத்த கேனைப் பிடிக்க வேண்டும். ரோடு ஃபைட்டரில் வளர்ந்தவருக்கு இது புதிதாகவே தோன்றியிருக்காது. 2013-இல் அஸ்பால்ட் 8, பிறகு போக்குவரத்துக்கு நடுவே மோட்டார் சைக்கிள் ஓட்டும் டிராஃபிக் ரைடர் ஆகியவை வந்தன. 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கும்வரை எம்.பி. கணக்குதான் எல்லாவற்றையும் ஆண்டது. பதிவிறக்கும் முன் விளையாட்டு எத்தனை எம்.பி. என்று பார்ப்பார்கள், போனில் இடம் போதாவிட்டால் ஒன்றை அழித்து இன்னொன்றை ஏற்றுவார்கள். டேட்டா மலிவான பிறகு அந்தக் கவலை குறைந்தது. துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளான பப்ஜியும் ஃப்ரீ ஃபயரும் பெரும்பாலான இளைஞரை இழுத்துக்கொண்டதும் அப்போதுதான்.

பந்தய விளையாட்டில் மிச்சமிருந்த ஆர்வம் எதிர்பாராத திசையில் திரும்பியது. இந்தோனேசியாவின் மாலியோ நிறுவனம் 2017-இல் பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா என்ற விளையாட்டை வெளியிட்டது. ஜாவா தீவின் நகரங்களுக்கிடையே பயணிகளை ஏற்றிக்கொண்டு பேருந்து ஓட்டுவதுதான் அதில் வேலை. பேருந்துகளின் பல்வகை ஹாரன் ஒலிக்காகச் சாலையோரம் நின்று கையசைக்கும் இந்தோனேசியச் சிறுவர்களின் வழக்கம் 2016 இறுதியில் உலகெங்கும் பேசப்பட்டிருந்தது. அந்த ஹாரனும் விளையாட்டில் இருந்தது. ஆடுபவரே வண்டிக்கு வண்ணம் தீட்டலாம், சொந்தமாக வண்டியையே செய்து சேர்க்கலாம் என்ற வசதியை மாலியோ திறந்துவிட்டது. அதற்கு முன்பே செக் நாட்டின் எஸ்.சி.எஸ். நிறுவனம் 2012-இல் வெளியிட்ட யூரோ டிரக் சிமுலேட்டர் 2-இல் இப்படிச் சேர்க்க முடிந்தது. ஆனால் அதற்கு நல்ல கணினி வேண்டும். இதற்கு ஒரு போன் போதும்.

தமிழ்நாட்டு இளைஞர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். அரசுப் போக்குவரத்துக் கழகப் பேருந்துகளும், விரைவுப் போக்குவரத்துக் கழகப் பேருந்துகளும், ஒவ்வொரு வட்டாரத்துத் தனியார் பேருந்துகளும் மோட் என்ற பெயரில் ஒவ்வொன்றாக உருவாயின. வேலை இரண்டு வகை. வெளிப்புற வண்ணத்தை மட்டும் மாற்றுவது லிவரி. ஒரு தட்டைப் படத்தில் பேருந்தின் நான்கு பக்கங்களையும் விரித்து, பெயரையும் கோடுகளையும் கடவுள் படத்தையும் ஊர்ப்பெயர்களையும் உரிய இடத்தில் வரைந்து ஏற்ற வேண்டும். போனில் உள்ள படம் திருத்தும் செயலியிலேயே இதைச் செய்துவிடலாம். வண்டியையே செய்வது கடினம். பிளெண்டர் போன்ற முப்பரிமாண மென்பொருளில் கூடு, கண்ணாடி, இருக்கை, படிக்கட்டு, கியர் தண்டு வரை கட்டி, யூனிட்டி மென்பொருள் வழியாக விளையாட்டுக்கு ஏற்ற கோப்பாக்க வேண்டும். கரூரில் கூடு கட்டும் பட்டறைகளின் சாயலை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் அளவுக்கு இதில் தேர்ந்தவர்கள் உண்டு. அசோக் லேலண்ட் என்ஜின் கியர் மாறும்போது எழுப்பும் ஓசையை உண்மையான பேருந்திலேயே பதிவு செய்து சேர்க்கிறார்கள்.

இந்த விளையாட்டு இங்கே ஒட்டிக்கொண்டதற்கு எளிய காரணம் ஒன்று உண்டு. இந்தோனேசியாவிலும் வண்டிகள் சாலையின் இடப்பக்கம் போகின்றன. ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருகிறார். கலிபோர்னியாவையும் சிகாகோவையும் காட்டிய விளையாட்டுகளில் பல ஆண்டுகளாக வலப்பக்கச் சாலையில் ஓட்டிப் பழகியவர்களுக்குத் தம் சாலையின் ஒழுங்கு முதன்முறையாகத் திரையில் கிடைத்தது. தென்னை, வயல், ஓட்டு வீடு, சாலையோரக் கடை, இருசக்கர வண்டிக் கூட்டம் என்று ஜாவாவின் காட்சியும் டெல்டாவுக்கு அந்நியமல்ல.

இப்போது ஒரு புதிய மோட் வெளியானால் அதைப் பார்ப்பவர்கள் முதலில் கவனிப்பவை முன்னாளில் யாரும் கவனிக்காதவை. ஹாரன் சரியாக இருக்கிறதா? முன்கண்ணாடியின் மேல் ஊர்ப்பலகையில் எழுத்து சரியா? இருக்கைத் துணியின் நிறம் என்ன? பேனட் மூடி பழைய வண்டியுடையதா, புதியதா? 2018-இல் அரசுப் பேருந்துகள் புதிய வடிவிலும் வண்ணத்திலும் வந்தபோதும், 2023-இல் பழுது நீக்கிப் புதுப்பித்த பேருந்துகள் மஞ்சள் வண்ணம் பூசி விடப்பட்டபோதும் லிவரிகளும் உடனே மாறின. ஜப்பான் விளையாட்டு பத்தாண்டு கழித்து வந்துசேர்ந்த வட்டாரத்தில், தெருவில் ஓடும் பேருந்தின் மாற்றம் சில நாட்களில் திரைக்குப் போகிறது. இந்தத் தலைகீழ் மாற்றத்தை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. பள்ளியிலும் கல்லூரியிலும் படிக்கும் பையன்கள் காசு வாங்காமல் செய்தது. பல்வகை ஒலி எழுப்பும் ஹாரன்களை 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் தடை செய்கின்றன. போலீசாரும் அவ்வப்போது அவற்றைக் கழற்றுகிறார்கள். சாலையில் காதைக் கிழிக்கும் அந்த ஒலி போனுக்குள் யாருக்கும் தொல்லையில்லாமல் இருக்கிறது. அதுபோலவே முந்திச் செல்லும் ஆவேசமும் அங்கே எவர் உயிரையும் பறிப்பதில்லை.

குறையாக நிற்பது பாதை. வண்டிகளைப் போலவே பாதைகளையும் உருவாக்கிச் சேர்க்கும் முயற்சிகள் வந்துவிட்டன. அவற்றில் மலைப்பாதைகளுக்கே வரவேற்பு அதிகம். கொண்டை ஊசி வளைவுகள் குறைந்த தொலைவில் நிறைய சவாலைத் தருகின்றன; கோப்பின் அளவும் போனுக்கு அடங்கும். டெல்டாச் சாலை தட்டையானது, வெறும் நேர்க்கோடு என்ற எண்ணம் இதற்குப் பின்னால் இருக்கிறது. அந்த எண்ணம் தவறு. டெல்டாவின் உள்சாலைகள் வாய்க்கால் கரையை ஒட்டி வளைந்து வளைந்து போகின்றன. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல், நடுவில் ஒரு பேருந்து போகும் அகலம். மதகையும் சிறு பாலத்தையும் ஏறி இறங்கும் இடத்தில் எதிரே வருவது தெரியாது. சம்பா அறுவடைக் காலத்தில் சாலையின் பாதி அகலத்தை நெல் பிடித்துக்கொள்ளும். அறுவடை இயந்திரங்கள் ஊர்ந்து வரும். மேய்ச்சலுக்குப் போகும் வாத்துக் கூட்டம் குறுக்கே கடக்கும். மழைக்காலத்தில் தார் எங்கே முடிகிறது, வயல் எங்கே தொடங்குகிறது என்பதே தெரியாது. சிதம்பரத்திலிருந்து கொள்ளிடம் பாலம் வழியாகச் சீர்காழி வந்து, பூம்புகார்ச் சாலையில் கடற்கரை வரை போகும் பாதை ஒன்றை அப்படியே கட்டினால், டைம் கீப்பரின் விசிலிலிருந்து கடைசி நிறுத்தம்வரை எந்த மலைப்பாதைக்கும் குறையாத ஆட்டம் அதில் இருக்கும். அதைக் கட்டத் தேவையான மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு மாணவரின் மடிக்கணினியில் அவற்றை நிறுவிக்கொள்ள முடியும்.